பதினொரு தட்டுகள், ஒரு கோபம்

பிரேம் என் கதையின் மூன்றாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. என் அக்கா உள்ளே வந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கதைக் குழுவின் அறை. சனிக்கிழமை பிற்பகல். கீழேயிருந்து மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. லோகா அக்காவின் கையில் தையல் கடைப் பை. கதவோரம் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ‘முடிச்சிட்டு வா, அவசரமில்ல’ என்று கையாலேயே சொன்னாள்.

பிரேம் நிறுத்தவில்லை. “அவள் இதயம் கண்ணாடியைப் போல நொறுங்கியது” என்று வாசித்தான்.

டொக். அக்காவின் பக்கத்தில் இருந்த மதி பேனாவால் மேசையைத் தட்டினார்.

“கண்ணீர் அருவியாய்க் கொட்டியது.”

டொக். டொக்.

அந்தக் கதையில் வரும் பெண்ணுக்கு முல்லை என்று பெயர் வைத்திருந்தேன். நான் மாற்றியது அது ஒன்றைத்தான். பதிவுத் திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று மாப்பிள்ளை கைப்பேசியில் செய்தி அனுப்புகிறான். மண்டபம் பேசியாகிவிட்டது, ரவிக்கைகள் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் லோகா அக்காவுக்கு நடந்தது, நடந்தபடியே.

எழுந்துபோய்த் தாளைப் பிடுங்கியிருக்கலாம். நான் எழவில்லை.

தட்டுவதற்கும் சட்டம் உண்டு

இந்தப் பத்தித் தொடரைப் படித்துவிட்டுச் செமினியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘உங்கள் கதைக் குழுவைப் பற்றி நாலு வாரமாக அளக்கிறீர்கள், அங்கே அப்படி என்னதான் செய்கிறீர்கள்?’ நியாயமான கேள்வி.

நாங்கள் ஒன்பது பேர். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்வோம். தாளில் பெயர் இருக்காது. எழுதியவர் தவிர வேறொருவர் உரக்க வாசிப்பார். கேட்டுச் சலித்த உவமை வந்தால், கேட்கிறவர்கள் மேசையில் ஒரு தட்டுத் தட்டலாம். விவாதம் முடியும்வரை எழுதியவர் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. முதன்முறை வந்தவர் யாராவது இருந்தால் அவர்தான் முதலில் பேசவேண்டும். அவருக்கு அங்கே நண்பரும் இல்லை, பகையும் இல்லை என்பதால் உண்மை வரும் என்று ஒரு நம்பிக்கை.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுதியவரும் தட்டியாக வேண்டும். எல்லாரும் தட்டும்போது ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அதனால் சொந்தக் கதையைத் தானே தட்டுவது எங்களுக்குள் ஒரு கலை. பிரேம் அதில் மன்னன். ஒருமுறை தன் கதைக்கே மூன்று தட்டுத் தட்டி, ‘யாருலா இப்படிலாம் எழுதறது’ என்று வேறு சலித்துக்கொண்டான்.

அன்று நான் என் கதைக்கு இரண்டு தட்டுத் தட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மதி குனிந்து, இந்தத் தட்டுகள் எதற்கு என்று அவளிடம் மெல்ல விளக்குவதைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். பையின் கைப்பிடியைச் சுருட்டத் தொடங்கினாள்.

கதை முடிந்தபோது கணக்கு பதினொன்று.

மிக மோசமாக அடிவாங்கியது ‘வறண்ட ஆற்றைப் போல அவள் மனம் வெடித்துக் கிடந்தது’ என்ற வரி. மதி மதுரைக்காரர். இங்கே வேலை விசாவில் வந்து மென்பொருள் எழுதுகிறார். அவர் சிரிக்காமல் கேட்டார்: “எங்க ஊர்ல ஆறு வறண்டு கெடக்கும், சரி. இந்தக் கதை கிள்ளான்ல நடக்குது. கிள்ளான் ஆறு எப்பங்க வறண்டுச்சு?”

ஒருநாளும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அது பாலூற்றிய காப்பி நிறத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் சாலைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஆனால் எனக்கு மனம் உடைந்த பெண் என்றதும் கைக்கு வந்தது வறண்ட ஆறு, இலையுதிர்ந்த மரம், பனியாய் உறைந்த முகம். பனியை நான் ஐஸ் கச்சாங் இனிப்புக் கிண்ணத்தில்தான் பார்த்திருக்கிறேன். அக்காவின் துயரத்துக்கு நான் வேறு நாடுகளின் பருவநிலையைக் கடன் வாங்கியிருந்தேன்.

கல்லீரல் உடைந்தவர்கள்

கொஞ்சம் விலகிப் போகிறேன், திரும்பி வந்துவிடுவேன்.

தமிழ்த் தொடர்களுக்கு மலாயில் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. திரையின் அடியில் இரண்டு வரிகளுக்குள் எல்லாத் துயரத்தையும் அடக்க வேண்டும். கதாநாயகி ‘என் நெஞ்சே சுக்கு நூறா ஒடைஞ்சு போச்சு’ என்று அரைநிமிடம் அழுவாள். நான் கீழே ‘பாத்தா ஹாத்தி’ என்று தட்டுவேன். வேலை முடிந்தது.

மலாயில் பாத்தா என்றால் உடைந்தது, ஹாத்தி என்றால் மனம். அதே சொல்தான் கல்லீரலுக்கும். காலையில் பாசாருக்குப் போனால் கோழிக்கடையில் ஹாத்தியை எடைபோட்டுப் பையில் கட்டித் தருவார்கள். எங்கள் ஆட்கள் நெஞ்சில் கைவைத்து அழ, அடியில் எழுத்தில் கல்லீரல் உடைந்துகொண்டிருக்கும். யாரும் சிரித்ததில்லை, நான் உட்பட. ஒரு உருவகம் ரொம்ப நாள் புழங்கினால் அதைப் பார்க்கிற கண் அதைப் பார்ப்பதில்லை. அதற்கு உணர்ச்சி போய்விடுகிறது.

நாவலாக இருந்தால் பரவாயில்லை. நூறு பக்கம் அவளோடு வாழ்ந்துவிட்டால், இதயம் கண்ணாடி போல நொறுங்கியது என்றாலும் வாசகர் மன்னித்துவிடுவார். சிறுகதையில் ஆறு பக்கம்தான். ஒரே ஒரு பொருள் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும். மனம் உடைந்ததைச் சொல்லவாவது ஏதோ கிடைக்கும், சத்தம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. மரத்துப்போனதை எப்படிச் சொல்வது? ஒன்றும் உணராத ஒருத்தியை வாசகர் உணர வேண்டும். இதை நான் மூன்று வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கொமுட்டர் ரயிலில், மாமாக் டீக்கடையில், ஒருமுறை பல் வலியோடு மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுகூட.

வீட்டில் என் எதிர் அறையில் அது நடந்துகொண்டிருந்தது.

உப்பில்லாத ரசம்

கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் லோகா அக்கா உதவியாளர். மருத்துவர் கை நீட்டும் முன்னே எந்தக் கருவி வேண்டும் என்று தெரிந்து எடுத்துத் தருகிறவள். செய்தி வந்த மறுநாளும் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். அத்தைமார்கள் வந்து ‘தைரியசாலிப் பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் பயம். ஏனென்றால் என் அக்கா வாய் ஓயாமல் திட்டுகிறவள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு, மின்விசிறியை நிறுத்தாமல் போனால் திட்டு, பேசும்போது கைப்பேசியைப் பார்த்தால் இரட்டைத் திட்டு. அந்தச் செய்திக்குப் பிறகு ஐந்து மாதம் அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் ‘ம்’. கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அம்மா ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தார். அக்கா இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையிலிருந்து, தைத்த ரவிக்கைகள் காத்திருப்பதாக அடிக்கடி அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வாங்கி எங்காவது ஒளித்துவைக்கிறேன் என்றேன். தானே வாங்கிக்கொள்வதாக அக்கா சொன்னாள், பால் வாங்கி வருகிறேன் என்கிற குரலில். இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை என்னோடு வந்தாள், தையல் கடை வேலை சீக்கிரம் முடிந்து மாடியேறினாள்.

இதையெல்லாம் எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அக்காவே படித்தாள். இரண்டு இடத்தில் பேனா வைத்தாள். அத்தைமாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதச் சொன்னாள். நான்தான் பயந்து விட்டுவிட்டேன்.

புதிதாக வந்தவர் பேசினார்

வழக்கப்படி பிரேம் கதவுப் பக்கம் திரும்பினான். “அக்கா, நீங்கதான் புதுசு. நீங்க ஆரம்பிங்க. பயப்படாதீங்க, கடிக்க மாட்டோம்.”

அவள் மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு, கிளினிக்கில் நோயாளிகளிடம் பேசும் அதே அமைதியான குரலில் பேசினாள்.

“எனக்குக் கதையெல்லாம் தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு மரத்துப் போயிட்டான்னு எழுதியிருக்கு. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் அழறா. மரத்துப் போனவங்க அப்படி அழ மாட்டாங்க.”

பிரேம் தாளை மேசையில் வைத்தான்.

“நான் பல் கிளினிக்ல வேலை செய்றேன். பல்லு பிடுங்க ஊசி போடுவோம். வலி போயிடும். ஆனா இழுக்கறது தெரியும். அது நெறைய பேருக்குத் தெரியாது, பயந்துடுவாங்க. ‘வலிக்குதா’ன்னு டாக்டர் கேப்பாரு, இல்லன்னு தலையாட்டுவாங்க. கையைப் பாத்தா நாற்காலிய இறுக்கிப் பிடிச்சிருக்கும்.” தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினாள். “முடிஞ்சதும் வாய் கொப்புளிக்கத் தண்ணி குடுப்போம். ஒதட்டோரத்துல வழிஞ்சு சட்டையில சொட்டும். அவங்களுக்குத் தெரியாது. நாமதான் பாத்து டிஷ்யூ குடுக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். மதியின் பேனா மேசைக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது, இறங்கவில்லை. கீழே யாரோ மாலைக்குப் பேரம் பேசுவது கேட்டது.

எனக்குள் இரண்டு ஒன்றாக எழுந்தன. அவமானம் பாதி, மீதி, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மகிழ்ச்சி. மூன்று வருடமாகத் தேடியது இதைத்தானே? பின்னால் அந்தக் கதையைத் திருப்பி எழுதியபோது பதினொரு உவமையையும் தூக்கிப் போட்டேன். முல்லை ஒரு சொட்டுக்கூட அழவில்லை. தண்ணீர் குடிக்கிறாள், சட்டை நனைகிறது, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். அது மட்டும் வைத்தேன்.

ஆனால் அது பின்னால். அன்று நான் செய்தது வேறு.

கொமுட்டர்

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தோம். குளிரூட்டி எங்கள் தலைக்கு நேராக ஊதியது. சுபாங் ஜெயா தாண்டியதும் சன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“அந்த முல்லை நான்தானே?”

ஆமாம் என்றேன்.

“எழுதினதும் நீ. தட்டினதும் நீ.”

எங்கள் சட்டத்தை அவசர அவசரமாக விளக்கினேன். எழுதியவரும் தட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றெல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று உறைத்தது. அவள் ‘ம்’ என்றாள். பழைய ‘ம்’.

பிறகு, நான் எதிர்பார்க்காதபோது, அவளாகவே பேச ஆரம்பித்தாள். செய்தி வந்தபோது கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தாள். கைப்பேசியைப் பையில் போட்டாள், புதுக் கையுறை மாட்டினாள், அடுத்த நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“அந்தப் பேஷண்ட்டோட பேரு இன்னும் ஞாபகம் இருக்கு. என்ன பல்லுன்னுகூட ஞாபகம் இருக்கு. அவர் அனுப்பின மெசேஜ்ல என்ன எழுதியிருந்தாருன்னுதான் சுத்தமா ஞாபகம் இல்ல. எத்தனையோ வாட்டி திறந்து படிச்சிருக்கேன். மூடினதும் மறந்துடுது.”

ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அது. என் கை என்ன செய்தது தெரியுமா? பைக்குள் போய்க் கைப்பேசியைத் தேடியது. ‘மூடினதும் மறந்துடுது’ என்று, பைக்குள்ளேயே, பார்க்காமல், ஒரு கட்டைவிரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மறந்துவிடக் கூடாதே என்ற பதற்றம். சப்டைட்டில் எழுதும் விரலுக்கு அந்த வேகம் இருக்கிறது.

பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

“எழுதிக்கிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

ரயில் பாடாங் ஜாவாவில் நின்றது. அது எங்கள் ஊரே இல்லை, இன்னும் இரண்டு நிலையம் இருக்கிறது. அவள் எழுந்து இறங்கிவிட்டாள். நான் பையைத் தோளில் போட்டு எழுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நடைமேடையில் நின்றாள், என்னைப் பார்க்காமல். ரவிக்கைப் பை என் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

புக்கிட் பாடாக்

அடுத்த நிலையத்தில் குதித்து இறங்கினேன். அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். பிறகு ‘புக்கிட் பாடாக்ல நிக்கிறேன், நீ வர்றவரைக்கும் நிப்பேன்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை.

அடுத்த ரயிலுக்கு அரைமணி நேரம். நடைமேடையில் ஒரு மலாய்க்கார அம்மா, காய்கறிப் பையோடு, யாருக்கோ காத்திருப்பவர்போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. கைப்பேசியில் எழுதிவைத்த அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். நல்ல வரி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருவேளை அவள் இனி ‘ம்’ என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டால்? மெல்லத் திறந்த கதவை நானே முகத்தில் அடித்துச் சாத்தியிருக்கிறேன். அந்த வரியை அழித்தேன். அழித்தும் நிம்மதி வரவில்லை, மனப்பாடம் ஆகியிருந்தது.

ரயில் வந்தது. நாலாவது பெட்டியிலிருந்து அவள் இறங்கினாள். நேராக என்னை நோக்கி வந்தாள். நடையே வேறு மாதிரி இருந்தது.

“ஏன்டி, உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா?”

நான் வாயைத் திறந்தேன்.

“பேசாதே. நான் பேசிக்கிட்டிருக்கேன். ஒருத்தி வாயைத் தொறந்து ஒரு விஷயம் சொல்றா, நீ பைக்குள்ள கைய விட்டு டைப் பண்ற? அருவியாம். எந்த அருவிய நீ பாத்தே? என்னைக் கேட்டியா, ஒரு வார்த்தை கேட்டியா? அந்த முல்லைக்குத் தங்கச்சி சோறு ஊட்டி விடுறாளாம், தலை வாரி விடுறாளாம். அஞ்சு மாசத்துல எனக்கு ஒரு கப் தே ஓ கலக்கிக் குடுத்திருப்பியாடி நீ?”

இல்லை. ஒன்றுகூட இல்லை. கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் குரல் ஏறியது. அடுத்த நடைமேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதையில் தொடங்கியது வீட்டுக்குப் போனது. ஐந்து மாதப் பாக்கி மொத்தமும் வந்தது. தன் கட்டிலில் நான் போட்ட ஈரத்துண்டுகள், அணைக்காத மின்விசிறிகள், அம்மாவிடம் சொன்ன சின்னச் சின்னப் பொய்கள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒன்றையும் விடவில்லை. நடுவில் எங்கோ அந்த மாப்பிள்ளையின் பெயரும் வந்தது, அதற்கும் ஒரு நல்ல திட்டு விழுந்தது. அப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விக்கலோடு, திட்டுவதை நிறுத்தாமலே அழுதாள். அழகாகவே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் எப்போதும் திட்டு வாங்கியதில்லை.

அந்த மலாய்க்கார அம்மா காய்கறிப் பையை நகர்த்தி இடம் விட்டார். என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டபடி டிஷ்யூ நீட்டினார்.

“என் தங்கச்சிதான் மக்சிக், அடங்காப்பிடாரி” என்று அக்கா மலாயில் பதில் சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தமிழில் தொடர்ந்தாள்.

என் கைப்பேசி அடித்தது. அம்மா. எடுக்கப் பயமாக இருந்தது, இந்த நேரத்தில் கைப்பேசியைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். அக்காவைப் பார்த்தேன். “எடுத்துத் தொலை” என்றாள்.

மணி ஏழாகப் போகிறது, இரண்டு பேரும் எங்கே என்று அம்மா கேட்டார். நான் பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து வந்த குரல் அவருக்குக் கேட்டுவிட்டது.

“யாருடி அது? லோகாவா?”

“ஆமாம்மா.”

“யாரத் திட்டுறா?”

“என்னத்தான்மா.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுக்கும் சத்தமும்.

“போனை வைக்காதே. அப்படியே பிடி, நான் கொஞ்ச நேரம் கேக்குறேன்” என்றார் அம்மா.

கைப்பேசியை அக்காவின் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். அவள் அப்போதுதான் நான் மூடாமல் விடும் ஷாம்பு பாட்டிலுக்கு வந்திருந்தாள்.